விக்டோரியா கால வெள்ளி கிரவுன்: கையில் கிடைத்ததும் எந்த வரிசையில் சோதிப்பது

ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பழைய பிரிட்டிஷ் வெள்ளி நாணயத்துக்குக் கிரவுன் என்று பெயர். 1887 முதல் 1900 வரை லண்டன் அரச நாணயச்சாலையில் விக்டோரியா அரசியின் முகத்தோடு அடிக்கப்பட்ட கிரவுன்களே இங்கே பேச்சு. நாணயக் கண்காட்சியிலோ, பழம்பொருள் கடையிலோ, வீட்டுப் பெட்டியிலோ ஒன்று கிடைத்தால், அது கிரவுன்தானா, அசல்தானா, நகையாக இருந்து கழற்றியதா, எவ்வளவு தேய்ந்தது என்பதை நீங்களே சோதித்து அறியலாம். கீழே உள்ள படிகளை எழுதிய வரிசையிலேயே செய்யுங்கள்.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் சறுக்குகிறார்கள். எடுத்த எடுப்பில் அரசியின் முகத்தைப் பார்க்கிறார்கள், மனம் சொக்கிவிடுகிறது. அதன்பின் செய்கிற சோதனை எல்லாம் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சாட்சி தேடுவதாக ஆகிவிடுகிறது. போலி செய்கிறவன் அதிகம் மெனக்கெடுவது முகத்தில். அவன் கைவிட்டுவிடும் இடம் விளிம்பு. எனவே முதலில் எடை, பிறகு விட்டம், பிறகு விளிம்பு, அதற்கும் பிறகே முகம்.

1. முன்கூட்டியே வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு. 0.1 கிராம் மட்டும் காட்டும் தராசு எடை பார்க்கப் போதும். ஆனால் 9ஆம் படியில் வரும் தண்ணீர்ச் சோதனைக்கு உதவாது.

வெர்னியர் அளவி ஒன்று. பிளாஸ்டிக்கில் செய்தது நல்லது. எஃகு அளவியின் தாடை வெள்ளியில் கீறல் போட்டுவிடும். எஃகுதான் கையில் இருக்கிறது என்றால் தாடைகளில் மெல்லிய காகிதத்தை ஒட்டிக்கொண்டு, அதன் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மெத்தென்ற துணி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும் இடம். ஜன்னலோரம் போதும். தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கின் கீழ் கீறல் எதுவும் கண்ணில் படாது. ஒரு குறிப்பேடும் வேண்டும்; ஒவ்வொரு அளவையும் பார்த்தவுடன் எழுதிவிடுங்கள். நினைவில் வைத்த எண் நமக்குச் சாதகமாக மெல்ல நகர்ந்துவிடும்.

துணியை மேசையில் விரித்து, அதற்கு மேலேயே எல்லாவற்றையும் செய்யுங்கள். கிரவுன் கனமான நாணயம். கல் தரையில் விழுந்தால் ஓரம் நசுங்கிவிடும், அதை யாராலும் சரிசெய்ய முடியாது.

2. கழுவ வேண்டாம், தேய்க்கவே வேண்டாம்

இதைச் சோதனைகளுக்கு முன்னால் சொல்லக் காரணம் உண்டு. நம் வீடுகளில் வெள்ளி என்றாலே கை தானாகப் புளியை, திருநீற்றை, பற்பொடியைத் தேடிப் போகிறது. குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது பொருந்தும். நாணயத்துக்கு அது நஞ்சு.

வெள்ளி கருப்பது காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்வதால். அந்தக் கருமை மிக மெல்லிய படலம். பல நேரம் கீழுள்ள பரப்பை அது காப்பாற்றியே வைத்திருக்கும். பொடியால் தேய்த்தால் படலத்தோடு நாணயத்தின் மேல்தோலும் போய், ஆயிரக்கணக்கான மயிரிழைக் கீறல்கள் மிஞ்சும். புளியும் கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவமும் அமிலத் தன்மை உள்ளவை. அச்சிலிருந்து வந்த இயல்பான மினுமினுப்பை அவை அரித்து, உயிரற்ற வெண்மையை விட்டுச்செல்லும். தேய்த்துப் பளபளக்க வைத்த கிரவுனை அனுபவமுள்ளவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அதற்கேற்ப விலையும் இறங்கும்.

இன்னொரு காரணம் சோதனையோடு தொடர்புடையது. நகையாக இருந்து கழற்றியதற்கான தடயம், பற்றவைத்த இடம், பூசிய வெள்ளி ஆகியவை எல்லாம் நிற வேறுபாட்டில்தான் தெரியும். கழுவினால் அந்தச் சாட்சி போய்விடும்.

எண்ணெய்ப் பிசுக்கோ, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒட்டிய பச்சைப் பிசினோ இருந்தால் மட்டும் விதிவிலக்கு. கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோனை ஊற்றி, நாணயத்தைச் சிறிது நேரம் ஊறவைத்து எடுங்கள். அது வெள்ளியைத் தொடாது, பிசுக்கை மட்டும் கரைக்கும். நகப்பூச்சு நீக்கியை அதற்குப் பதிலாக ஊற்றாதீர்கள். அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

3. எடையும் விட்டமும்

தராசைச் சமதளத்தில் வைத்து, சுழியத்துக்குக் கொண்டுவந்து, நாணயத்தை நடுவில் வையுங்கள். எடுத்துவிட்டு மறுபடியும் வையுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போனால் மட்டும் எழுதுங்கள்.

புதிதாக அடித்த கிரவுனின் எடை 28.28 கிராம். 1816இல் வந்த சட்டப்படி ஒரு டிராய் பவுண்டு (ஏறத்தாழ 373 கிராம்) ஸ்டெர்லிங் வெள்ளியிலிருந்து (நூற்றில் 92.5 பங்கு வெள்ளி உள்ள கலவை) 66 ஷில்லிங் அடித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு ஷில்லிங் 5.655 கிராம், கிரவுன் அதன் ஐந்து மடங்கு. விட்டம் ஏறத்தாழ 38.6 மில்லிமீட்டர்.

கைமாறிக் கைமாறித் தேய்ந்த நாணயம் குறைவாகத்தான் நிற்கும். 28 கிராமுக்குச் சற்று கீழே இருந்தால் பதற வேண்டாம். ஆனால் எடைக்கும் தோற்றத்துக்கும் பொருத்தம் வேண்டும். முடியிழைகள் எல்லாம் கூர்மையாக இருக்கும் நாணயம் 26 கிராம் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதிக எடையை நான் இன்னும் கடுமையாகப் பார்ப்பேன். தேய்வதால் எடை கூட வழியில்லை. நன்கு தேய்ந்த நாணயம் 28.5 காட்டினால் அதற்கு நேர்மையான விளக்கம் கிடைப்பது அரிது.

இங்கே இரண்டு குழப்பங்கள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, இரட்டை ஃபுளோரின். நான்கு ஷில்லிங் மதிப்புள்ள இது 1887 முதல் 1890 வரை மட்டும் வந்தது. எடை 22.62 கிராம், விட்டம் 36 மில்லிமீட்டர், முகமோ அதே அரசியின் முகம். கிரவுனிலும் இதிலும் மதிப்பு எழுத்தில் பொறிக்கப்படவில்லை. அந்தக் காலத்து மக்களே இரண்டையும் மாற்றிக் கொடுத்து ஏமாந்தார்கள். பின்புறத்தில் குதிரைவீரன் இருந்தால் கிரவுன். சிலுவை வடிவில் கேடயங்கள் இருந்தால் இரட்டை ஃபுளோரின்.

இரண்டாவது குழப்பம் நம் பக்கத்தது. விக்டோரியா முகம் போட்ட ஒரு ரூபாய் நாணயங்களைப் பலர் பிரிட்டிஷ் கிரவுன் என்று சொல்லி விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அந்த ரூபாய் பிரிட்டிஷ் இந்தியாவுக்காக அடித்தது, எடை 11.66 கிராம்தான், வெள்ளியின் அளவும் வேறு. தராசில் வைத்த நொடியில் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

4. விளிம்பைப் படியுங்கள்

எனக்கு ஒரே ஒரு சோதனைதான் அனுமதி என்றால் இதையே எடுத்துக்கொள்வேன்.

நாணயத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றி, விளிம்பு முழுவதையும் லென்ஸ் வழியாகப் பாருங்கள். முழுவதையும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பாதி வட்டம் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள் மறு பாதியில் இருக்கும் பற்றவைப்புத் தடத்தைத் தவறவிடுகிறார்கள்.

1887 முதல் 1892 வரையுள்ள கிரவுன்களின் விளிம்பில் நெருக்கமான செங்குத்து வரிகள் மட்டும் இருக்கும், எழுத்து இருக்காது. 1893 முதல் 1900 வரையுள்ளவற்றில் வரிகள் இல்லை. அந்த இடத்தில் புடைத்து நிற்கும் லத்தீன் வாசகம் ஓடும். தமிழில் ஒலிபெயர்த்தால் அது ‘டெகஸ் எட் டூடாமென் அன்னோ ரெக்னி’, அதைத் தொடர்ந்து ஒரு ரோமன் எண். முதல் பாதிக்கு ‘அணியும் அரணும்’ என்று பொருள்: விளிம்பில் எழுத்து இருந்தால் வெள்ளியைச் சுரண்டித் திருட முடியாது என்பதே அந்த அரண். இரண்டாம் பாதிக்கு ‘ஆட்சியின் இத்தனையாவது ஆண்டில்’ என்று பொருள்.

ஆகவே முதல் கேள்வி எளியது. 1889 என்று ஆண்டு போட்ட நாணயத்தில் விளிம்பு எழுத்து இருக்கிறதா? 1897 என்று போட்டதில் வெறும் வரிகள் இருக்கின்றனவா? இரண்டும் போலி. மலிவாகச் செய்கிறவர்கள் ஒரே விளிம்பை எல்லா ஆண்டுகளுக்கும் போட்டுவிடுவதால் இது அடிக்கடி பிடிபடுகிறது.

அடுத்து எழுத்தின் தரம். அசலில் எழுத்துகளின் ஓரம் நிமிர்ந்து, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிற்கும். வார்ப்புப் போலியில் எழுத்துகள் உருகிய மெழுகு போல வழிந்திருக்கும். இடையிடையே நுண்குழிகள் தெரியும்.

கோடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விளிம்பின் நடுவாக நாணயத்தைச் சுற்றி ஓடும் கோடு, இரண்டு வார்ப்புகளை ஒட்டியதற்கோ, ஒரு வார்ப்பின் பிதுங்கலை அரத்தால் தேய்த்ததற்கோ அடையாளம். ஆனால் விளிம்புக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக, எங்காவது மெல்லிய கோடு தெரிந்தால் அதற்காகவே நாணயத்தை ஒதுக்காதீர்கள். எழுத்து புடைத்து நிற்கும் விளிம்பை உருவாக்கும் வளைய அச்சு துண்டுகளாகப் பிரிந்தால்தான் நாணயத்தை வெளியே எடுக்க முடியும். துண்டுகள் கூடும் இடத்தில் அப்படித் தடம் விழலாம். கோடு ஓடும் திசைதான் முக்கியம்.

5. ஆண்டையும் விளிம்பு எண்ணையும் பொருத்துங்கள்

1893க்குப் பிந்திய கிரவுன்களுக்கு மட்டுமான படி இது. எந்தக் கருவியும் வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். ஆனாலும் இதைச் செய்கிறவர்கள் மிகச் சிலர்.

விக்டோரியா 1837 ஜூன் 20 அன்று அரியணை ஏறினார். அவருடைய ஆட்சியாண்டு ஒவ்வொன்றும் ஜூன் 20இல் தொடங்குகிறது. ஆகவே ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு ஆட்சியாண்டுகள் வரும். நாணயத்தின் ஆண்டிலிருந்து 1837ஐக் கழியுங்கள். கிடைக்கும் எண்ணோ, அதற்கு அடுத்த எண்ணோ விளிம்பில் இருக்க வேண்டும்.

1893 எனில் 56 அல்லது 57. 1896 எனில் 59 அல்லது 60. 1900 எனில் 63 அல்லது 64. வேறு எந்த எண் இருந்தாலும் அந்த நாணயத்தை வாங்காதீர்கள். ஒரே ஆண்டின் இரண்டு எண்களும் ஒரே அளவு கிடைப்பதில்லை; சில ஆண்டுகளில் ஒன்று மற்றதைவிட அரிது. அதனால் எண்ணைக் குறித்துவைப்பது விலைக்கும் உதவும்.

ரோமன் எண்ணைப் படிப்பதில் தடுமாற்றம் வரும். ‘எல்’ 50, ‘எக்ஸ்’ 10, ‘வி’ 5, ‘ஐ’ 1. சிறிய எண் பெரியதற்கு முன்னால் வந்தால் கழிக்க வேண்டும். புதியவர்கள் வழுக்கி விழும் இணை ஒன்று உண்டு: எல்-ஐ-எக்ஸ் என்றால் 59, எல்-எக்ஸ்-ஐ என்றால் 61. முதலாவது 1895, 1896 நாணயங்களுக்கு உரியது. இரண்டாவது 1897, 1898க்கு உரியது. வரிசையைக் கவனிக்காமல் படித்தால் நல்ல நாணயத்தைப் போலி என்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், அல்லது போலியை நல்லது என்று எடுத்துவருவீர்கள். எழுத்துகள் நேராக நிற்கும்படி நாணயத்தைத் திருப்பிப் பிடித்து, ‘ரெக்னி’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து, அதற்கு வலப்புறம் எண்ணைப் படியுங்கள். தேய்ந்த விளிம்பில் ‘ஐ’ ஒன்று மங்கி மறைந்திருக்கவும் கூடும். இடைவெளியை லென்ஸில் பாருங்கள்.

6. தலைப் பக்கம்

இப்போது அரசியைப் பார்க்கலாம். இந்த 14 ஆண்டுகளில் இரண்டு உருவங்கள்.

1887 முதல் 1892 வரை ஜூபிலி உருவம். ஜோசப் எட்கர் போம் வடித்தது. முக்காட்டின் மேல் தலைக்குப் பொருந்தாத மிகச் சிறிய மகுடம் இருக்கும். முகம் இடப்பக்கம் நோக்கும். எழுத்துகள் மிகவும் சுருக்கமானவை: ‘விக்டோரியா’ என்ற பெயரும், அதன்பின் ‘டி, ஜி, பிரிட், ரெக், எஃப், டி’ (D G BRITT REG F D) என்ற சுருக்கங்களும். இந்தியப் பேரரசி என்ற பட்டத்தை அவர் 1876இலேயே பெற்றிருந்தாலும் இந்த உருவத்தில் அது இல்லை.

1893 முதல் 1900 வரை முதிய உருவம். தாமஸ் பிராக் வடித்தது. முக்காடு தோளில் விழும், நெற்றிக்கு மேல் சிறு முடியணி தெரியும். வாசகத்தின் முடிவில் ‘இந்த், இம்ப்’ என்ற இரண்டு சுருக்கங்கள் புதிதாகச் சேர்ந்தன. இந்தியப் பேரரசி என்பதன் லத்தீன் சுருக்கம் அது. ஜூபிலி உருவத்தோடு இந்தச் சுருக்கங்களைக் கண்டாலும், முதிய உருவத்தில் இவை இல்லாவிட்டாலும் அது கிரவுன் அல்ல.

‘பிரிட்’ (BRITT) என்ற சுருக்கத்தில் இரண்டு ‘டி’ (T) இருப்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து நாணயத்தைச் சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள். லத்தீன் சுருக்கங்களில் கடைசி எழுத்தை இரட்டித்தால் பன்மை. பிரிட்டானியாக்கள் என்று பன்மையில் சொல்வதற்காகவே அப்படிப் பொறித்தார்கள். இரண்டு ‘டி’ இருப்பதே சரி.

கலைஞரின் முதலெழுத்துகளையும் தேடுங்கள். ஜூபிலி உருவத்தில் தோளின் வெட்டு ஓரத்தில் ‘ஜே, இ, பி’ (J.E.B.). முதிய உருவத்தில் மார்புக்குக் கீழே ‘டி, பி’ (T.B.). மிகச் சிறியவை, தேய்ந்த நாணயத்தில் மங்கலாக இருக்கலாம். மற்ற இடம் எல்லாம் கூர்மையாக இருந்து இந்த இடம் மட்டும் கட்டியாகக் குழம்பியிருந்தால், அசலிலிருந்து படியெடுத்த வார்ப்பு என்று சந்தேகிக்க வேண்டும். படியெடுக்கும்போது முதலில் தொலைவது நுண்ணிய விவரங்கள்தாம்.

7. பூப் பக்கமும் அச்சின் திசையும்

இரண்டு உருவங்களுக்கும் பின்புறம் ஒன்றே: இத்தாலியச் சிற்பி பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி வடித்த புனித ஜார்ஜ், குதிரை மேல், குறுவாளோடு, காலடியில் டிராகன். கீழே தரைக்கோடு; அதற்குக் கீழே ஆண்டும் ‘பி, பி’ (B.P.) என்ற முதலெழுத்துகளும்.

இங்கே உருவத்தைவிட வெற்றிடத்தைப் பாருங்கள். குதிரையைச் சுற்றிலும் எழுத்தே இல்லாத பரந்த தளம் இருப்பதால், போலியின் குற்றங்கள் ஒளிய இடமில்லை. தளத்தில் புடைத்து நிற்கும் சிறு உருண்டைகள், வார்ப்பு அச்சில் இருந்த காற்றுக்குமிழ்களின் தடம். புழக்கத்தில் விழும் அடி பள்ளமாகத்தான் இருக்கும், மேடாக இருக்காது. ஓரத்தை ஒட்டி ஓடும் பல்வரிசையையும் முழு வட்டம் பாருங்கள். பற்கள் ஒழுங்காகவும் தனித்தனியாகவும் தெரிய வேண்டும்.

1888 நாணயம் என்றால் ஆண்டின் இலக்கங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். நெருங்கியது, அகன்றது என்று இரண்டு வகை உண்டு, அகன்றது அரிது.

பிறகு அச்சின் திசை. அரசியின் தலை நேராக இருக்கும்படி பிடித்து, புத்தகப் பக்கத்தைப் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். 1887 முதலான கிரவுன்களில் குதிரைவீரனும் நேராக நிற்பான். தலைகீழாக நின்றால் கேள்வி எழுப்ப வேண்டும்.

8. நகையாக இருந்ததா?

பெரிய நாணயம், அழகிய பின்புறம். ஆகவே ஏராளமான கிரவுன்கள் ஊசிப்பதக்கமாகவும் கழுத்துத் தொங்கலாகவும் மாறின. பின்னாளில் கொக்கியைக் கழற்றி, அந்த இடத்தை மழித்து, சாதாரண நாணயம் போல விற்கிறார்கள். நாணயம் அசல்தான், ஆனால் சேகரிப்பு மதிப்பு பெரும்பாலும் போய்விட்டது.

தேட வேண்டிய இடங்கள்: உச்சியில் விளிம்பின் மேல், அதாவது தலைக்கு நேர் மேலே, வளையம் பற்றவைத்த தடம். ஊசிப்பதக்கம் என்றால் ஒரு பக்கத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் ஊசிக் கீலும் கொக்கியும் இருந்த தடம். அந்த இடத்தில் நிறம் சற்று மஞ்சளாகவோ சாம்பலாகவோ மாறியிருக்கும், விளிம்பு வரிகள் அல்லது எழுத்துகள் நிரம்பி மழுங்கியிருக்கும், சுற்றிலும் ஒரே திசையில் அரத்தின் கோடுகள் ஓடும். நாணயத்தைச் சட்டத்துக்குள் பொருத்தியிருந்தால் ஓரத்தின் பல்வரிசை வட்டமாகத் தேய்ந்து, நடுப்பகுதி மட்டும் புதிதாக இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தாலும் இதே சந்தேகம்தான். அதைச் சிறப்பு மெருகில் அடித்த காட்சி நாணயம் என்று விற்பவர்கள் உண்டு. 1887, 1893 ஆண்டுகளில் அப்படிச் சிறப்பாக அடித்தவை உண்மையிலேயே உள்ளன. அவற்றில் எழுத்தின் ஓரங்கள் கத்திமுனையாக இருக்கும், தளத்தில் கீறல் கூட்டம் இருக்காது. மெருகேற்றிய சாதாரண நாணயத்தில் எழுத்துகளின் ஓரம் உருண்டு, தளத்தோடு கரைந்திருக்கும்.

9. தண்ணீரில் அடர்த்தி

இதைக் கடைசிச் சோதனையாக வைத்ததற்குக் காரணம், நாணயம் இங்கேதான் நனைகிறது. முந்தைய படிகளில் தோற்றுவிட்டால் நனைக்கவே வேண்டியதில்லை.

ஸ்டெர்லிங் வெள்ளியில் 92.5 விழுக்காடு வெள்ளி, மிச்சம் செம்பு. அதன் அடர்த்தி ஏறத்தாழ 10.36. போலிகளில் மிகவும் வழக்கமான செம்பு-நிக்கல் கலவை 8.9 அருகில் நிற்கும். இந்த இடைவெளியை வீட்டுத் தராசே பிடித்துவிடும்.

ஒரு கண்ணாடிக் கோப்பையில் நாணயம் முழுதாக மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் தராசின் மேல் வைத்து, சுழியமாக்குங்கள். நாணயத்தைச் சுற்றி மெல்லிய நூலைக் கட்டி, கையில் பிடித்தபடி நீருக்குள் இறக்குங்கள். நாணயம் முழுக்க மூழ்க வேண்டும். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. அப்போது தராசு காட்டும் எண், நாணயம் ஒதுக்கிய நீரின் எடை. காய்ந்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

எடுத்துக்காட்டு: காய்ந்த எடை 28.20, நீருக்குள் காட்டியது 2.72. வகுத்தால் 10.37. நல்லது. அதே எடையுள்ள செம்பு-நிக்கல் வில்லை 3.17 காட்டும்.

தவறுகள் இங்கே பெருகும். நாணயம் அடியில் உட்கார்ந்துவிட்டால் தராசு அதன் முழு எடையையும் காட்டும். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் ஒதுக்கிய நீர் கூடி, அடர்த்தி குறைவாக வரும். மெல்ல ஆட்டிக் குமிழை விடுவியுங்கள். தடித்த நூல் நீரை உறிஞ்சும். நம் ஊர் வெயிலில் நீர் 30 டிகிரி இருந்தாலும் விடை அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே மாறும் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 10.2க்கும் 10.5க்கும் இடையே வந்தால் ஏற்றுக்கொள்வேன்.

முடித்ததும் மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்காதீர்கள்.

அடர்த்தி சரியாக வந்தால் உலோகம் சரி என்றுதான் பொருள். நல்ல வெள்ளியிலேயே செய்த போலியும் உண்டு. அதனால்தான் விளிம்பை இதற்கு முன்னால் வைத்தேன்.

வேறு மூன்று வழிகளைப் பலர் பரிந்துரைப்பார்கள். காந்தம்: இரும்புப் போலியை மட்டும் காட்டிக்கொடுக்கும், செம்பு-நிக்கலும் காந்தத்தில் ஒட்டாது. சுண்டி ஓசை கேட்பது: தரையில் போட்டால் ஓரம் நசுங்கும்; விரல்நுனியில் நாணயத்தை நிறுத்தி மரப் பென்சிலால் தட்டிக் கேட்கலாம், ஆனால் அந்த ஓசையை மட்டும் நம்பி பணம் கொடுக்க வேண்டாம். நகைக்கடை உரைகல்லும் அமிலமும்: தயவுசெய்து வேண்டாம். உரைத்த கோடு என்றைக்கும் போகாது.

10. தேய்மானத்தை மதிப்பிடுவதும் விலையும்

தேய்வு மேடான இடங்களில் தொடங்கும். ஜூபிலி உருவத்தில் காதுக்கு மேலுள்ள முடியும் கன்னமும். முதிய உருவத்தில் நெற்றி முடியும் முக்காட்டின் மடிப்பும். பின்புறத்தில் குதிரையின் தோளும் வீரனின் தொடையும் மார்பும். இந்த இடங்களில் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒன்றாகக் கலந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டனவா என்பதே அளவுகோல். மற்ற இடங்களைப் பார்த்துத் தரம் சொல்லாதீர்கள். எழுத்துகள் கடைசியில்தான் தேயும்.

விலைக்கு ஒரு அடித்தளம் இருக்கிறது. 28.28 கிராமில் 92.5 விழுக்காடு என்றால் 26.16 கிராம் தூய வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். தேய்ந்த, கொக்கி கழற்றிய, தேய்த்துக் கெட்ட கிரவுன்கள் ஏறத்தாழ இந்த மட்டத்தில் நிற்க வேண்டும். வெள்ளி விலைக்கும் மிகக் குறைவாக ஒருவர் தருகிறார் என்றால் ஆசைப்படுவதற்கு முன் தராசை எடுங்கள். ஆண்டைப் பொறுத்தவரை 1889 மிக அதிகமாக அடிக்கப்பட்டது, பதினெட்டு லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு நாணயத்தை யாராவது அரிது என்று சொன்னால் அடுத்த மேசைக்கு நகருங்கள்.

11. வைத்திருக்கும் முறை

சோதித்து முடித்த அன்றே எடை, விட்டம், விளிம்பு எண், அடர்த்தி, வாங்கிய விலை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, இரு பக்கமும் விளிம்பும் படமெடுத்து வையுங்கள்.

39 மில்லிமீட்டர் அக்ரிலிக் கூடு கிரவுனுக்குப் பொருந்தும். வளைந்து கொடுக்கும் மலிவான பிவிசி உறைகள் வேண்டாம். நாளடைவில் அவையே பச்சைப் பிசினைக் கசியும். ரப்பர் வளையம், கம்பளித் துணி, மட்டமான அட்டைப்பெட்டி ஆகியவற்றில் கந்தகம் இருப்பதால் வெள்ளியை விரைவில் கருக்கவைக்கும். கடலோர ஊர்களில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். நாணயத்தை எடுக்கும்போதெல்லாம் விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

12. மற்ற கிரவுன்களுக்கு இதே வரிசை, சில மாற்றங்களோடு

மூன்றாம் ஜார்ஜின் 1818 முதல் 1820 வரையுள்ள கிரவுன்களுக்கு எடை அதேதான். புனித ஜார்ஜைச் சுற்றி ‘கார்ட்டர்’ என்ற பிரிட்டிஷ் வீரவிருதின், வாசகம் பொறித்த பட்டை இருக்கும், பிஸ்ட்ருச்சியின் பெயர் முழுதாகப் பொறித்திருக்கும். 5ஆம் படியில் சொன்ன விளிம்பு எண் கணக்குக்கு 1760ஐக் கழிக்க வேண்டும். அவர் அந்த ஆண்டு அக்டோபரில் அரியணை ஏறினார். இந்த வகையில் போலிகள் மிகுதி. நான்காம் ஜார்ஜின் 1821, 1822 கிரவுன்களில் ஆட்சியாண்டு எண்ணாக இல்லாமல் லத்தீன் சொல்லாக, ‘செகுண்டோ’, ‘டெர்ஷியோ’ என்று வரும்.

விக்டோரியாவின் இளமை உருவக் கிரவுன்கள் 1844, 1845, 1847 ஆண்டுகளுக்கு உரியவை. வில்லியம் வயான் வடித்தவை. பின்புறம் கேடயம், அச்சின் திசை தலைகீழ். 1847இன் கோதிக் கிரவுன் (இடைக்கால எழுத்துப் பாணியில் பொறித்தது) ஏறத்தாழ எட்டாயிரம்தான் அடிக்கப்பட்டது. விலை அதிகம் என்பதால் போலி செய்கிறவர்களுக்கு மிகப் பிடித்தது அதுதான். அதை இந்த வீட்டுச் சோதனைகளை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தரச்சான்று நிறுவனத்தின் மூடிய கூட்டில் உள்ளதையே வாங்குங்கள்.

ஏழாம் எட்வர்டின் 1902 கிரவுன் வரை உலோகம் ஸ்டெர்லிங். 1920இல் வெள்ளியின் அளவு 50 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே 1927 முதல் வந்த ஐந்தாம் ஜார்ஜின் கிரவுன்கள் தராசில் அதே 28.28 கிராம் காட்டும். தண்ணீர்ச் சோதனையில் மட்டும் அடர்த்தி 10க்குக் கீழே போகும். அவற்றைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1951 கிரவுனில் வெள்ளியே இல்லை, அது செம்பு-நிக்கல்.